ஓட்டை வேறு, கன்னக்கோல் வேறு: ஹேக்கிங் உலகின் அடிப்படைச் சொற்கள்

"என் அக்கவுண்டை ஹேக் பண்ணிட்டாங்க" என்று யாராவது சொன்னால் நான் உடனே பரிகாரம் சொல்வதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்பேன். ஒருவருடைய பெயரையும் படத்தையும் வைத்து யாரோ புதிதாக ஒரு போலிக் கணக்கு தொடங்கியிருப்பார்கள். இன்னொருவர், போனில் பேசிய யாருக்கோ ஓடிபி எண்ணை வாய்விட்டுச் சொல்லியிருப்பார். மூன்றாமவர் எங்கிருந்தோ ஒரு செயலியை இறக்கி நிறுவியிருப்பார். அன்றிலிருந்து போன் கொதிக்கிறது என்பார். நான்காமவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

நாலும் நாலு வியாதி. முதலாமவரின் கணக்கை யாரும் தொடவே இல்லை. அவர் பத்து முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் பயன் கிடையாது. போலிக் கணக்கைப் பற்றிப் புகார்தான் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் பாஸ்வேர்டை மாற்றுவதோடு, தன் கணக்கில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்ற வேண்டும். மூன்றாமவர் அதே போனில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால், புதிய பாஸ்வேர்டும் சூட்டோடு சூடாகத் திருடனுக்குப் போய்ச் சேரலாம். நாலுக்கும் 'ஹேக்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டால் யாருக்கு எந்த மருந்து என்று தெரியாது. இந்தச் சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இந்தக் காரணமே போதும்.

'ஹேக்' என்ற சொல்லுக்கே முதலில் திருட்டு என்ற பொருள் கிடையாது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. 1955-இல் அந்த மன்றத்தின் கூட்டக் குறிப்பில், மின்சார அமைப்பில் 'ஹேக்' செய்பவர்கள் ஃபியூஸ் போகாமலிருக்க மின்சாரத்தை அணைத்துவிட்டுச் செய்யவும் என்று எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: நோண்டுவது. ரேடியோவைக் கழற்றிப் பார்க்கும் பையன் நோண்டுகிறான். அடுத்தவர் பெட்டியைத் திறப்பவனும் நோண்டுகிறான். ஹேக்கர் என்ற சொல்லுக்குள் இந்த இருவரும் இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாகத்தான் குடியிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத் திருடன் பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். பகலில் வந்து நோட்டம் விடுவான். சுவரில் எங்கே மண் நெகிழ்ந்திருக்கிறது என்று பார்த்து வைப்பான். இரவில் கன்னக்கோலோடு வந்து, ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு உள்ளே போவான். இதற்குக் கன்னம் வைத்தல் என்று பெயர். கணினியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். நோட்டம் விடுவது 'ரெகான்'. சுவரில் நெகிழ்ந்த இடம் 'வல்னரபிலிட்டி', அதாவது மென்பொருளில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை. அந்த ஓட்டைக்கென்றே அளவெடுத்துச் செய்த கன்னக்கோல் 'எக்ஸ்ப்ளாய்ட்'. உள்ளே போனபின் செய்கிற வேலை 'பேலோட்'. அடுத்த முறை சிரமப்படாமல் வந்துபோகக் கொல்லைப்புறத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் அது 'பேக்டோர்'.

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது ஓட்டையையும் கன்னக்கோலையும்தான், அதாவது வல்னரபிலிட்டியையும் எக்ஸ்ப்ளாய்ட்டையும். ஓட்டை இருப்பதாலேயே திருட்டு நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஓட்டை யார் கண்ணிலும் படாமல் பல வருடம் கிடக்கலாம். கண்ணில் பட்டாலும், அதில் நுழைகிற மாதிரி கருவி செய்யத் தெரிந்தவர் இல்லாமல் இருக்கலாம்.

ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டால் இந்தச் சொற்களில் பாதி தானாகவே புரிந்துவிடும். அதற்கு, கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட 2017-ஆம் ஆண்டின் வானாக்ரை தாக்குதலைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்றொரு முறை உண்டு. அதன் பழைய பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அதைக் கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் மூச்சுவிடாமல், தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு எக்ஸ்ப்ளாய்ட் செய்து வைத்துக்கொண்டது. அதன் பெயர் இடர்னல்புளூ. மென்பொருளைச் செய்தவருக்கே தெரியாத இப்படிப்பட்ட ஓட்டையைத்தான் 'ஜீரோ டே' என்கிறார்கள். அதை அடைப்பதற்குச் செய்தவருக்குக் கிடைத்த அவகாசம் பூஜ்ஜியம் நாள் என்று அர்த்தம்.

பிறகு 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைத்து ஒரு 'பேட்ச்' வெளியிட்டது. பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த துணிக்குப் போடுகிற அதே ஒட்டுத்தான். அடுத்த மாதம் ஷேடோ புரோக்கர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம், என்எஸ்ஏயிடமிருந்து களவுபோன அந்த எக்ஸ்ப்ளாய்ட்டை இணையத்தில் போட்டு உடைத்தது. மே 12 அன்று வானாக்ரை வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒட்டு கைக்கு வந்து 59 நாள் ஆகியிருந்தது. ஆகவே அன்றைக்கு அது ஜீரோ டே இல்லை. அடைக்கத் தெரிந்த, ஆனால் பலர் அடைக்காமல் விட்ட ஓட்டை. 'அப்டேட் செய்யவா?' என்று கணினி கேட்கும்போது 'பிறகு' என்று தட்டிவிடுகிறோமே, அந்தப் பிறகுக்குள்தான் இது நடந்தது.

உள்ளே எப்படி வந்தது? இணையத்தில் இருக்கும் ஒரு கணினிக்கு ஐபி முகவரி என்பது வீட்டு முகவரி மாதிரி என்றால், அந்த வீட்டுக்கு 65,535 கதவுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு 'போர்ட்'. பாதுகாப்பான இணையதளப் போக்குவரத்து 443-ஆம் எண் கதவு வழியாகப் போய்வருகிறது. எஸ்எம்பியின் கதவு எண் 445. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது 'போர்ட் ஸ்கேன்'. 1997-இல் வந்த என்மேப் என்ற கருவி இந்த வேலைக்குத்தான். திருடனும் அதைத்தான் வைத்திருக்கிறான், காவலாளியும் அதைத்தான் வைத்திருக்கிறான். எந்தக் கதவை வெளியாருக்குத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்று வாசலில் நின்று முடிவுசெய்வது 'ஃபயர்வால்'. வெளியிலிருந்து 445-க்கு வருபவர்களைத் தடுத்து வைத்திருந்த இடங்களில் வானாக்ரையால் அந்த வழியாக நுழைய முடியவில்லை.

ஒரு கணினிக்குள் வந்ததும் அது அங்கிருந்தே 445 திறந்திருக்கும் அடுத்த கணினியைத் தேடும். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். இப்படித் தானாகவே ஊர்ந்து பரவுவதுதான் 'வோர்ம்', புழு. 'வைரஸ்' அப்படி இல்லை. அது வேறொரு கோப்பின்மேல் ஒட்டிக்கொண்டு வாழும். அந்தக் கோப்பை யாராவது திறந்தால்தான் அதற்கு உயிர் வரும். மூன்றாவது 'ட்ரோஜன்'. இது ஒட்டிக்கொள்வதும் இல்லை, ஊர்வதும் இல்லை. இலவச விளையாட்டு, போட்டோ அழகுபடுத்தும் செயலி என்று வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்; நாமே கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு வருவோம். இந்த மூன்றுக்கும் பொதுப்பெயர் 'மால்வேர்'. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்கிறோம், அதில் பெரிய பாவம் ஒன்றுமில்லை. ஆனால் அலுவலகத்தில் ஒரு கணினியில் வந்திருப்பது புழு என்றால் முதல் வேலை நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது. ட்ரோஜன் என்றால் யார் எதை நிறுவினார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.

வானாக்ரையின் பேலோட் என்ன? கணினியில் இருக்கும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கொடுத்தால் திறப்பேன் என்று ஒரு சிவப்புப் பலகையைக் காட்டியது. இதுதான் 'ரான்சம்வேர்', பணயம் கேட்கும் மால்வேர். (இது புது வியாபாரம் இல்லை. 1989-லேயே ஒருவர் எய்ட்ஸ் நோய்த் தகவல் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோருக்கு ஃபிளாப்பி அனுப்பி, கணினியை முடக்கி, 189 டாலரைப் பனாமா நாட்டு அஞ்சல் பெட்டி ஒன்றுக்கு அனுப்பச் சொன்னார்.) பூட்டு என்று நான் சொல்வது 'என்கிரிப்ஷன்'. கோப்பில் இருப்பதை ஒரு கணக்கின்படி கலைத்துப் போடுவது; சரியான சாவி இருந்தால்தான் பழையபடி அடுக்க முடியும். உங்கள் வாட்ஸ்அப் செய்தியைக் காப்பாற்றுவதும் இதே நுட்பம்தான். சாவி யார் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால்தான் ரான்சம்வேருக்கு முதல் மருந்து ஆன்டிவைரஸ் இல்லை, 'பேக்கப்'. அதுவும் கணினியோடு எப்போதும் இணைந்தே இருக்காத பேக்கப். இணைந்தே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அதை நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர். புழுவைப் பிரித்துப் பார்த்தபோது, வேலையைத் தொடங்கும் முன் அது அர்த்தமில்லாத நீளமான ஓர் இணைய முகவரியைத் தட்டிப் பார்ப்பதைக் கவனித்தார். அப்படி ஒரு முகவரியை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. இவர் சில டாலர் செலவில் அதைத் தன் பெயரில் பதிவு செய்தார். அந்த முகவரியிலிருந்து பதில் வந்தால் புழு சத்தமில்லாமல் அடங்கிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. 'கில் ஸ்விட்ச்' என்பது இதைத்தான். அப்படி நடக்கும் என்று பதிவு செய்தபோது அவருக்கே தெரியாது.

ஓட்டை, கருவி என்று இவ்வளவு பேசினோம். உண்மையில் பெரும்பாலான திருட்டுக்குக் கன்னக்கோலே வேண்டாம், சாவியே கிடைத்துவிடுகிறது. அடுத்து பாஸ்வேர்டைப் பார்ப்போம்.

ஒழுங்காக நடத்தப்படும் இணையதளம் உங்கள் பாஸ்வேர்டை எழுதி வைத்துக்கொள்ளாது. அதன் 'ஹேஷ்' மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். ஹேஷ் கைரேகை மாதிரி. ஆள் வந்தால் ரேகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் ரேகையை வைத்துக்கொண்டு ஆளை உண்டாக்க முடியாது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஒற்றை எழுத்தைப் போட்டாலும், ஒரு முழு நாவலைப் போட்டாலும், வெளியே வருவது 64 எழுத்து நீளமுள்ள ஒரு குழப்பம்தான். என்கிரிப்ஷனுக்கும் இதற்கும் இதுதான் வேறுபாடு: அங்கே சாவி போட்டால் திரும்பி வரலாம், இங்கே திரும்பும் பாதையே கிடையாது.

திரும்ப முடியாதென்றால் திருடன் என்ன செய்வான்? முன்னால் போவான். ஒரு பாஸ்வேர்டை ஊகித்து, ஹேஷ் எடுத்து, திருடிய பட்டியலோடு ஒப்பிடுவான். பொருந்தவில்லையா, அடுத்தது. எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது 'புரூட் ஃபோர்ஸ்'. மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களை மட்டும் போட்டுப் பார்ப்பது 'டிக்‌ஷனரி அட்டாக்'. இரண்டாவதுக்கு வேலை மிகக் குறைவு. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள், ஹேஷ்கூடச் செய்யாமல் அப்படியே கசிந்தன. அவற்றில் முதலிடம் 123456. ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் அதை வைத்திருந்தார்கள்.

புரூட் ஃபோர்ஸுக்கு நீளம்தான் எதிரி. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26-ஐ மட்டும் வைத்து 8 எழுத்தில் பாஸ்வேர்டு அமைத்தால் சுமார் 20,900 கோடி சேர்க்கைகள் வரும். நொடிக்கு 1,000 கோடி முறை ஊகிக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேகமான, பழைய ஹேஷ் முறைகளுக்கு எதிராக இது நடக்கக்கூடிய வேகம்தான். 21 நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அதே எழுத்துகளில் 12 என்றால் 110 நாள். 16 என்றால் ஒரு லட்சத்து 38 ஆயிரம் வருடம். ஒரு எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி போடுவதைவிட, தொடர்பில்லாத நாலு சொற்களை வரிசையாகக் கோப்பது எவ்வளவோ மேல். ஆனால் அந்த நாலு சொற்கள் பிரபலமான பாட்டு வரியாக இருக்கக்கூடாது; பாட்டு வரியெல்லாம் திருடனின் அகராதியில் ஏற்கெனவே இருக்கும்.

'சால்ட்' என்று ஒரு சொல்லும் இங்கே காதில் விழும். ஒவ்வொருவர் பாஸ்வேர்டோடும் தற்செயலான சில எழுத்துகளைச் சேர்த்தபின் ஹேஷ் எடுப்பது. இருவர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் ஹேஷ் வேறுவேறாக இருக்கும். ஆகவே திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உழைக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். என்றோ பதிவு செய்து மறந்தே போன ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் கசிந்தன. அதே பாஸ்வேர்டைத்தான் என் இமெயிலுக்கும் வைத்திருந்தேன். நள்ளிரவில் 'புதிய சாதனத்திலிருந்து நுழைவு' என்று எச்சரிக்கை வந்தது. ஓரிடத்தில் கசிந்த பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு மற்ற எல்லா வாசல்களிலும் போட்டுப் பார்ப்பது 'கிரெடென்ஷியல் ஸ்டஃபிங்'. இதற்கு நீளம் உதவாது. 40 எழுத்தானாலும் கசிந்தது கசிந்ததுதான். ஒவ்வொரு தளத்துக்கும் வேறு பாஸ்வேர்டு, அவற்றை நினைவில் வைக்க ஒரு 'பாஸ்வேர்ட் மேனேஜர்', அதற்கு மேல் இரண்டாவது பூட்டாக 'டூ-ஃபேக்டர்'. அப்போதிலிருந்து என் ஏற்பாடு இதுதான். இரண்டாவது பூட்டில் எஸ்எம்எஸ் ஓடிபிதான் பலவீனமானது. உங்கள் எண்ணை வேறு சிம் கார்டுக்கு மாற்றும்படி தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றிவிட்டால் ஓடிபி அங்கே போய்விடும். அதற்கு 'சிம் ஸ்வாப்' என்று பெயர். இதற்கென்றே உள்ள 'ஆதென்டிகேட்டர்' செயலியில் தோன்றும் எண் அதைவிட நல்லது.

அப்புறம், சாவியைத் திருடாமல் நம்மையே கொடுக்க வைப்பது. இந்தக் கலைக்குப் பொதுப்பெயர் 'சோஷியல் இன்ஜினியரிங்', பேசி மயக்குவது. 2020 ஜூலையில் ஒபாமா, பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் ட்விட்டர் கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிச் செய்தி வெளிவந்தது நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போன் போட்டுப் பேசித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். முக்கியக் குற்றவாளிக்கு அப்போது வயது 17.

இதையே மின்னஞ்சலில் தூண்டில் போட்டுச் செய்தால் 'பிஷிங்'. எல்லோருக்கும் வலை வீசாமல், உங்கள் பெயர், வேலை, மேலதிகாரி யார் என்றெல்லாம் விசாரித்து உங்களுக்கென்றே செய்த தூண்டில் 'ஸ்பியர் பிஷிங்'. எஸ்எம்எஸ்ஸில் வந்தால் 'ஸ்மிஷிங்', குரலில் வந்தால் 'விஷிங்'. பெயர்கள்தான் வேறு, வாலை மிதித்தால் எல்லாம் ஒரே பாம்பு.

தூண்டில் முள் எங்கே இருக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். ஒரு சுட்டி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/உள்நுழை

நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். 'உங்கள்வங்கி.காம்' கண்ணில் பட்டதும் மனம் சமாதானமாகிவிடும். ஆனால் இணைய முகவரியின் சொந்தக்காரரைத் தெரிந்துகொள்ள வலமிருந்து இடமாகப் போக வேண்டும். தொடக்கத்தில் https:// இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப்பின் முதல் சாய்கோடு வரும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் 'நெட்', அதற்கு முன் 'சரிபார்ப்பு'. இந்தத் தளத்தின் சொந்தக்காரர் 'சரிபார்ப்பு.நெட்'. அதற்கு இடப்புறம் இருப்பதெல்லாம் அவர் தன் விருப்பத்துக்கு எழுதிக்கொண்டது. வங்கியின் பெயரையும் எழுதலாம், உங்கள் பெயரையும் எழுதலாம். 'கோ.இன்' போல ஈரடுக்கு முடிவு வரும்போது மட்டும் இன்னும் ஒரு படி இடப்புறம் தள்ளிப் பாருங்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. திருடனோடும் ரகசியமாகப் பேசலாம் அல்லவா?

இன்னும் சில சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். 'கீலாகர்' நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிவு செய்து அனுப்புவது. 'விபிஎன்' உங்கள் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகச் சுற்றிவிடுவது. நீங்கள் போகும் தளங்களின் விவரம் இணைய நிறுவனத்துக்குத் தெரியாமல் போகும், ஆனால் விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். விளம்பரங்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. 'டிடாஸ்' உள்ளே நுழைவதே இல்லை. வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டத்தை நிறுத்தி, உண்மையான ஆட்கள் நுழைய முடியாதபடி செய்வது. அந்தக் கூட்டம் பெரும்பாலும் சொந்தக்காரருக்கே தெரியாமல் அடிமையாக்கப்பட்ட சாதனங்கள், அதுதான் 'பாட்நெட்'. 2016-இல் வந்த மிராய், கேமராக்களையும் ரவுட்டர்களையும் இப்படித்தான் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்துக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத சாதனங்களில் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே.

கடைசியாகத் தொப்பிகள். அனுமதி வாங்கிக்கொண்டு ஓட்டை தேடுபவர் 'ஒயிட் ஹேட்'. கெட்ட எண்ணத்தோடு நுழைபவர் 'பிளாக் ஹேட்'. அனுமதி கேட்காமல் நோண்டி, ஓட்டையைக் கண்டுபிடித்து, பிறகு போய்ச் சொல்பவர் 'கிரே ஹேட்'. ஓட்டையைச் சொன்னால் பரிசு தருகிறோம் என்று நிறுவனங்களே அறிவிப்பது 'பக் பவுண்டி'. நெட்ஸ்கேப் 1995-லேயே இதைத் தொடங்கியது. ஒயிட் ஹேட்டையும் கிரே ஹேட்டையும் பிரிப்பது நல்ல மனசு இல்லை, கையில் இருக்கும் அனுமதி. அது இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது பெரும்பாலான நாடுகளில் குற்றம். ஒரே ஆள் தொப்பியை மாற்றிக்கொள்வதும் உண்டு. வானாக்ரையை நிறுத்திய அதே ஹட்சின்ஸ், மூன்று மாதத்தில் அமெரிக்காவில் கைதானார். முன்பு வங்கிக் கணக்குகளைத் திருடும் மால்வேர் ஒன்றை எழுதியிருந்தார். 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவரை காவலில் இருந்த நாட்களே தண்டனைக்குப் போதும் என்று நீதிபதி விட்டுவிட்டார்.

கையால் செய்து பார்க்க ஆசை வந்தால், அனுமதியோடு நோண்டுவதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. ஓவர் தி வயர் என்ற தளத்தில் பாண்டிட் என்றொரு விளையாட்டு, காசு கிடையாது. ஒவ்வொரு படியிலும் அடுத்த படியின் பாஸ்வேர்டைத் தேடி எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கோப்பைத் திறந்து படித்தால் போதும், பாஸ்வேர்டு அங்கேயே இருக்கும். அடுத்ததில் கோப்பின் பெயரே வெறும் ஒரு சிறு கோடு. திறக்கச் சொன்னால், அதைக் கோப்பின் பெயராகவே கணினி எடுத்துக்கொள்ளாமல், நீங்கள் ஏதோ தட்டப்போகிறீர்கள் என்று காத்துக்கொண்டு நிற்கும். பலரும் முதல் முறையாகத் திருதிருவென முழிப்பது அங்கேதான்.